வாசலில் சாய்த்த துடைப்பம்

கொய்வுலம்பியில் எந்த வீட்டுக்கும் பூட்டுக் கிடையாது. வீட்டில் ஆள் இல்லையென்றால் நீளக் காம்பு வைத்த துடைப்பத்தைக் கதவின் குறுக்கே சாய்த்துவிட்டுப் போவோம். வருகிறவர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார். துடைப்பம் சாய்ந்த கதவைத் தட்டுகிறவன் ஒன்று திருடனாக இருக்க வேண்டும், அல்லது வெளியூர்க்காரனாக இருக்க வேண்டும். ரஷ்ய எல்லையோரம் இருக்கும் எங்கள் கரேலியாவில் இந்த இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதைதான்.

மௌரா நடக்கப் பழகிய வயதிலேயே இதையும் பழகியவள். பிறந்த வீட்டில் தண்ணீர் மொள்ளப் போனாலும் வைக்கோல் எடுக்கப் போனாலும் கை தானாகத் துடைப்பத்தை எடுத்துச் சாய்த்துவிடும். கல்யாணமாகி ஒலெக்ஸியின் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பழக்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அந்த வீட்டில் எப்போதும் ஆள் உண்டு. ஒலெக்ஸியின் அக்கா தார்யா.

அந்த வீட்டில் மௌராவுக்காக இரண்டு விஷயங்கள் காத்திருந்தன: செங்கல்லால் கட்டிய பெரிய அடுப்பு ஒன்று, தார்யா ஒன்று. இரண்டும் சூடு. அடுப்பாவது சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். தார்யா இளவயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பு கோணிப் போனவள். பெண் கேட்டு யாரும் வரவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தாள்.

பண்டிகை நாளில் எங்கள் பக்கம் ரை என்ற தானியத்தின் மாவை மெலிசாகத் தேய்த்து, நடுவில் பார்லிக் கஞ்சி வைத்து, ஓரத்தைக் கிள்ளிச் சுடுவோம். மௌரா முதன்முதலாகத் தேய்த்த மாவைத் தார்யா விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல செருப்பு தைக்கலாம் புள்ள. என் கோணக் காலுக்குத் தோதா ஒண்ணு தைச்சுக் குடு" என்றாள்.

"அதுக்கு முன்னாடி உங்க வாய்க்கு ஒரு மூடி தைக்கணும் மதினி."

ஒலெக்ஸி தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டான். அவன் பிடித்த மீனெல்லாம் இந்த இருவர் சண்டையின் புண்ணியம் என்று ஊரில் பேச்சு. ஆனால் முதல் குழந்தை இரோவுக்குத் தொண்டை அடைத்து மூச்சு இழுத்தபோது, கெட்டில் ஆவியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றவள் தார்யாதான். கோணல் இடுப்போடு நின்றாள். மறுநாள் அதற்கும் சேர்த்து மௌராவைத் திட்டினாள்.

முப்பத்தொன்பதாம் வருஷத்து இலையுதிர் காலத்தில் ஆண்களைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒலெக்ஸி போனான். கொஞ்ச நாளில் எங்களையும் கிளம்பச் சொன்னார்கள். மூட்டை கட்டி, மாட்டை ஓட்டி, மேற்கே எங்கோ ஒரு பள்ளிக்கூடத்துத் தரையில் வாரக்கணக்காகக் கிடந்தோம். அப்புறம் யாரோ ஒரு அதிகாரி வந்து, ஒன்றும் ஆகாது, திரும்பிப் போங்கள் என்றார். வந்து பார்த்தால் நிலவறையில் உருளைக்கிழங்கு பாதி உறைந்து கிடந்தது. தார்யா அந்த அழுகலைப் பொறுக்கிக்கொண்டே சபதம் போட்டாள்.

"இன்னொரு தடவை கிளம்புன்னு எவனாவது வந்தான்னா, சாணி அள்ளுற மம்பட்டியால அடிப்பேன்."

நவம்பர் கடைசி நாள் காலையில் ஜன்னல் கண்ணாடி தானாக அதிர ஆரம்பித்தது. சண்டை அறிவிப்பு என்று எதுவும் வரவில்லை, குண்டுதான் வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து இடி மாதிரிச் சத்தம், விட்டு விட்டு. ஒரு லெப்டினன்ட் வீடு வீடாக ஓடினான். உடனே கிளம்புங்கள், ராணுவம் பின்வாங்குகிறது, எதிரிக்கு ஒரு கூரைகூட மிஞ்சக்கூடாது என்று உத்தரவு, வீடுகளைக் கொளுத்தப் போகிறோம் என்றான். சொல்லும்போது அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு மீத்ரிக்குக் குதிரையும் வண்டியும் இருந்தன. ஐம்பது தாண்டியவர், பட்டாளத்துக்கு வயது கடந்தவர். முதல் நடையிலேயே வண்டி நிறைந்துவிட்டது. கிழடுகள், கைக்குழந்தைக்காரிகள், படுக்கை மூட்டைகள். மௌரா தங்கள் மூட்டையைத் தூக்கிப் போட்டபோது, அதில் செருகியிருந்த தார்யாவின் கைத்தடியும் சேர்ந்து போய்விட்டது. தார்யாவுக்கு இடம் ஒதுக்கியிருந்தார் மீத்ரி. அவள் வரவில்லை.

"அடுப்புல ரொட்டி இருக்கு. வெந்ததும் வர்றேன்" என்றாள்.

"மதினி, ஊரே எரியப் போகுது, ரொட்டியா இப்ப?"

"போற எடத்துல உன் புள்ளைங்க எதைத் திங்கும்? உன் செருப்பையா?"

மீத்ரி குறுக்கே விழுந்தார். "சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க. நான் இவங்களை முச்சந்தியில இறக்கிட்டுத் திரும்ப வர்றேன். ரெண்டாவது நடையில உன் மதினியைக் கூட்டிட்டு வர்றேன் தங்கச்சி. நீ மாட்டைப் பிடிச்சுட்டு நட."

வண்டி போயிற்று. மௌரா கைக்குழந்தை பேத்ரியைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டாள். இரோவின் கால்களுக்கு இரண்டு அடுக்குக் கம்பளி உறை மாட்டினாள். குழந்தை அழுகிறது, மாடு கத்துகிறது, தூரத்தில் இடிக்கிறது. தார்யா அடுப்பு முன் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, போகிறவளுக்குக் கடைசியாக ஒன்று சொன்னாள்.

"கொழந்தைக்கு ஒழுங்கா ஒரு துணி கட்டத் தெரியல. ஒலெக்ஸி உன்னை எங்க இருந்துதான் பிடிச்சானோ."

மௌராவுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அப்படியே கிடங்க. ரொட்டியைக் கட்டிக்கிட்டு இங்கயே கிடங்க" என்று கத்தினாள். வெளியே வந்தாள். கதவை அறைந்து சாத்தினாள். துடைப்பத்தை எடுத்துக் குறுக்கே சாய்த்தாள். பசு மூரிக்கியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, இரோவின் கையைப் பிடித்து நடந்தாள்.

பாதை முழுக்க ஜனம். பனி இன்னும் சரியாக விழவில்லை, சேறு உறைந்து கல்லாகியிருந்தது. குளத்தின் மேல் ஐஸ் கறுப்பாக, மெலிசாக இருந்ததால் சுற்றிக்கொண்டு காட்டு வழியே போக வேண்டியிருந்தது. மாடுகள் வழுக்கி விழுந்தன. கறக்காத மடி கனத்துக் கதறின. பெண்கள் அங்கங்கே குந்தி உட்கார்ந்து உறைந்த தரையிலேயே பாலைப் பீய்ச்சிவிட்டு எழுந்தார்கள். காலம் முழுதும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கறந்த கைகள். அவர்கள் அழுதது வீட்டுக்காகவா பாலுக்காகவா என்று அவர்களுக்கே தெரியாது.

மௌராவோடு தெக்லா நடந்தாள். எதிர்வீட்டுக்காரி, வாய் ஓயாதவள். விமானம் ஒன்று மரங்களுக்கு மேல் தாழ்வாக வந்தது. எல்லோரும் பள்ளத்தில் பாய்ந்தார்கள். மௌரா இரோவின் மேல் கவிழ்ந்து படுத்தாள். முன்னால் எங்கோ தடதடவென்று சத்தம், ஒரு குதிரை அலறியது. விமானம் போன பிறகு தெக்லா தலையைத் தூக்கினாள். ஒரு கையில் சேவல், இன்னொரு கையில் காபிக் கெட்டில்.

"பாத்தியா, மூடியைக்கூட விடல நான். ஏன்டி, உன் மதினி எங்க?" என்றாள்.

"மீத்ரி அண்ணன் ரெண்டாவது நடைக்குப் போயிருக்காரு."

"அந்த மகராசி வண்டியில ஏறினதும் குதிரைக்கே நடக்கச் சொல்லித் தருவா பாரு."

இருவரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்ததை மௌரா பின்னால் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்து உடம்பு கூசியிருக்கிறாள். அந்த நேரம் அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

முச்சந்தியில் ஜனம் தேங்கி நின்றது. அங்கிருந்து ரயிலடிக்கு ராணுவ லாரிகள் ஓடின. மௌரா லாரியில் ஏறாமல் மீத்ரியின் வண்டிக்காகக் காத்து நின்றாள். கடைசியில் வண்டி வந்தது. ஊரின் கீழ்க்கோடி ஜனங்கள் அதில் அடைந்திருந்தார்கள். ஒரு தையல் மெஷின் இருந்தது. சாக்கில் கட்டிய பன்றி ஒன்று இருந்தது. தார்யா இல்லை.

"அண்ணே, மதினி எங்க?"

மீத்ரி கடிவாளத்தை இழுத்து நிறுத்தினார். "உன்னோட வரலியா?"

"நீங்கதானே ரெண்டாவது நடையில கூட்டிட்டு வர்றேன்னீங்க!"

"உங்க வாசல்ல வந்து நின்னேன் தங்கச்சி. துடைப்பம் சாய்ஞ்சிருந்துச்சு. சரி, புத்தி வந்து உன்னோடவே கிளம்பிடுச்சுன்னு நெனச்சு, அப்படியே தாண்டிப் போயி இவங்களை ஏத்தினேன்."

அப்போதுதான் மௌராவின் உள்ளங்கைக்குத் துடைப்பக் காம்பு ஞாபகம் வந்தது. கட்டையின் சொரசொரப்பு, அதன் குளிர்ச்சி, கதவில் அது பட்ட சின்னச் சத்தம் எல்லாமே வந்தது.

"உள்ள இருக்காங்கன்னா சொல்லு" என்றார் மீத்ரி. குதிரையின் வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது. கிழக்கே மரங்களுக்கு மேல் புகை எழும்பிவிட்டது. "இவங்களை இங்கயே இறக்கிட்டு வண்டியைத் திருப்பறேன். இருக்காங்களா இல்லையா?"

எல்லோரும் மௌராவைப் பார்த்தார்கள். தெக்லா பார்த்தாள், தையல் மெஷின்காரி பார்த்தாள். இருக்கிறாள், நான்தான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். உயிரோடு ஒரு மனுஷியை உள்ளே வைத்துத் துடைப்பம் சாய்த்தவள் என்று அந்த நிமிஷமே ஊருக்குத் தெரிந்துவிடும். மௌராவின் நாக்கு புரண்டது.

"இல்லண்ணே. நடந்து வர்றேன்னுதான் சொன்னாங்க. காட்டுக் குறுக்குவழியில கிளம்பியிருப்பாங்க."

மீத்ரியின் முகம் லேசானது. "அப்ப சரி. அந்தம்மா வந்து சேர்ந்துடும், எமனுக்கே வழி சொல்ற ஆளு" என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தட்டினார்.

வண்டி கண்ணை விட்டு மறையும் வரைதான் மௌராவால் நிற்க முடிந்தது. பேத்ரியை அவிழ்த்துத் தெக்லாவின் கையில் திணித்தாள். மாட்டுக் கயிற்றை இரோவின் கையில் கொடுத்தாள். எங்கே போகிறாய் என்று தெக்லா கத்தியது காதில் விழுந்தது. ஊரே மேற்கே போகும் பாதையில் அவள் ஒருத்தி கிழக்கே ஓடினாள். எதிரே வந்த வண்டிக்காரர்கள் திட்டினார்கள். ஒரு மாடு முட்டித் தள்ளியது. விழுந்து எழுந்து ஓடினாள். இப்படி ஓடுகிறவள் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குதிரை இவளைவிட வேகமாக ஓடியிருக்குமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவளுக்கும் ஒவ்வோர் அடியிலும் தோன்றியது.

குளத்துத் திருப்பத்தில் ஒரு சிப்பாய் துப்பாக்கியைக் குறுக்கே நீட்டித் தடுத்தான். அவன் கோட்டில் பெட்ரோல் வாடை அடித்தது. பின்னால் ஊர் எரிந்துகொண்டிருந்தது. கூரைகள் விழும் சத்தம் அங்கேயே கேட்டது.

"அம்மா, அங்கிட்டுப் போகக்கூடாது. அவனுங்க ஓடைக்கு அந்தாண்ட வந்தாச்சு."

"எங்க வீட்டுல ஆள் இருக்கு. நீலச் சன்னல் வெச்ச வீடு."

"ஆளெல்லாம் யாரும் இல்லம்மா. வீடு வீடா தட்டிப் பாத்துட்டுதான் கொளுத்தினோம்." சிப்பாய் நிறுத்தினான். சின்னப் பையன், பேச்சைக் கேட்டால் எங்கள் பக்கத்துக்காரன். "துடைப்பம் சாய்ஞ்சிருந்த வீட்டையெல்லாம் தட்டல. அதான் யாரும் இல்லையே" என்றான்.

மௌரா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவன்தான் தோளைப் பிடித்துத் தூக்கி, மேற்கே முகத்தைத் திருப்பிவிட்டான்.

ரயிலில் மாட்டுப் பெட்டியில் ஏற்றி எங்களை மேற்கே கொண்டு போனார்கள். பண்ணை வீடுகளில் பிரித்துவிட்டார்கள். மௌராவும் குழந்தைகளும் ஹில்மா என்ற பண்ணைக்காரியின் வீட்டில் ஒரு அறையில். ஹில்மா நல்லவள்தான், ஆனால் லூத்தரன் சபைக்காரி. மௌரா சாப்பாட்டுக்கு முன் எங்கள் சபை முறைப்படி, ரஷ்யாக்காரர்கள் போடுவதுபோலவே சிலுவை போட்டதைப் பார்த்து, "நீங்கள்லாம் பாதி ரஷ்யாக்காரங்கதானே?" என்று கேட்டாள். யாரிடமிருந்து ஓடி வந்தோமோ அவர்கள் பெயரையே எங்களுக்கு வைத்தார்கள். வேறு சமயமாக இருந்தால் மௌரா நறுக்கென்று பதில் சொல்லியிருப்பாள். இப்போது, என்ன சொன்னாலும் தகும் எனக்கு என்று இருந்துவிட்டாள்.

அவளுக்கு ஒரே யோசனைதான். செய்தது கையா, மனசா? கை பழக்கத்தில் செய்தது என்றால், தார்யா எப்போதும் இருக்கும் அந்த வீட்டில் கைக்கு ஏது அப்படியொரு பழக்கம்? ஆனால் அக்டோபரில் எல்லோரும் கிளம்பியபோது துடைப்பத்தைச் சாய்த்தது அவள்தானே, வீட்டை விட்டு ஓடுவது என்றால் சாய்ப்பது என்று கை அன்றைக்கே படித்துக்கொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வாள். உடனே 'இங்கயே கிடங்க' என்று தான் கத்தியது காதில் கேட்கும். ரொட்டி வாசனை வந்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஜனவரியில், கண் இமை ஒட்டிக்கொள்ளும் குளிரில் ஒருநாள், ஹில்மாவின் வாசலில் ஒரு வண்டி நின்றது. தொண்டர் படைப் பெண் ஒருத்தி கைத்தாங்கலாக ஒருவரை இறக்கினாள். கோணல் இடுப்பு. கட்டுப் போட்ட கால். கையில் ஊன்றியிருந்தது துடைப்பம். குச்சியெல்லாம் உதிர்ந்து காம்பு மட்டும் மிச்சம்.

இரோ கத்திக்கொண்டு ஓடினாள். தார்யா உள்ளே வந்து, அடுப்பருகே உட்கார்ந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"கொழந்தை மெலிஞ்சு போயிருக்கான்" என்றாள் முதலில்.

காட்டு வழியே நடந்திருக்கிறாள். நம் ராணுவத்துச் சறுக்குப் பலகைக்காரர்கள் கண்டெடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால் விரல்களில் இரண்டை வெட்டிவிட்டார்கள். எப்படித் தப்பினீர்கள் என்று ஹில்மா கேட்டபோது, தார்யா மௌராவைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"என் கைத்தடி வண்டியோட போயிடுச்சு. இவதான் ஞாபகமா இந்தத் துடைப்பத்தை என் கைக்கு எட்டற மாதிரி வாசல்ல வெச்சுட்டுப் போனா. இது இல்லேன்னா நான் எங்க நடக்கிறது?"

ஹில்மா அழுதுவிட்டாள். மௌராவைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து பாதி ரஷ்யாக்காரி என்ற பேச்சு நின்றுபோயிற்று. கதை பக்கத்துப் பண்ணைகளுக்குப் போனது, தேவாலயத்துக்குப் போனது. அந்த அவசரத்திலும் நாத்தனாருக்கு ஒரு ஊன்றுகோல் வைத்துவிட்டு வந்தவள் என்று மௌராவுக்கு ஒரு பெயர் ஏற்பட்டது. மௌரா வாய் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நினைத்தாள். பிப்ரவரியில் ஒலெக்ஸி செத்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு குடும்பத்தில் இரண்டு பெண்களும் இரண்டு குழந்தைகளும்தான். எதையும் கலைக்க அவளுக்குத் துணிவில்லை.

கதை மீத்ரியின் காதுக்கும் போயிற்று. அவரும் அதே பகுதியில்தான் குடியேறியிருந்தார். மனுஷர் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு தார்யாவின் முன் நின்றார்.

"ஊன்றிக்க வெச்சதை நான் குறுக்கே சாய்ச்சதுன்னு பாத்துட்டேன். கண்ணு அவிஞ்சு போச்சு எனக்கு. ஒரு தட்டுத் தட்டியிருக்கணும். தட்டாமப் போயிட்டேனே" என்றார்.

"போனது போகட்டும் விடு" என்றாள் தார்யா.

அவர் விடவில்லை. சண்டை நின்று மறுபடி மூண்டபோது நம் ராணுவம் ஊரை மீட்டது, நாங்களும் திரும்பினோம். எரிந்த வீட்டில் அடுப்பும் புகைபோக்கியும் மட்டும் நின்றன. இரண்டு வருஷத்தில் மறுபடியும், ஒரேயடியாக விட்டு வந்தோம். அந்தத் தடவை மௌரா முதல் வேலையாகத் தார்யாவை வண்டியில் தூக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் குழந்தைகளைத் தேடினாள். அப்புறம் அரசாங்கம் எங்களுக்குக் கல்லும் கட்டையுமாக நிலம் கொடுத்தது. மீத்ரிக்கு அடுத்த மனை. ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும் தார்யாவின் விறகை அவரே வெட்டிப் பிளந்து, கொண்டுவந்து சுவரோரம் அடுக்குவார். காசும் வாங்கமாட்டார், காபிக்கும் உட்காரமாட்டார். முதுகு வளைந்த பிறகும் கொண்டுவந்தார். அவர் அடுக்கிவிட்டுப் போவதை மௌரா ஜன்னலில் நின்று பார்ப்பாள். அந்த விறகில்தான் அவளும் குளிர் காய்ந்தாள்.

எங்கள் சபையில் பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு மன்னிப்பு ஞாயிறு. வீட்டில் ஒவ்வொருவரும் மற்றவர் முன் தலை தரையில் படக் குனிந்து, என்னை மன்னியுங்கள் என்று கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர், கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன் என்பார். எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதால் யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை. மௌரா தன் கேள்வியை வருஷாவருஷம் அதற்குள் ஒளித்து வைத்துக் கேட்டாள்.

"என்னை மன்னிச்சுக்குங்க மதினி."

"கடவுள் மன்னிப்பார்" என்பாள் தார்யா. அதோடு நிறுத்திக்கொள்வாள். இரோவிடமும் பேத்ரியிடமும் முழுதாகச் சொல்வாள். ஊர்வம்பு பேச வந்த தெக்லாவிடம்கூட முழுதாகச் சொல்வாள். மௌராவிடம் பாதிதான்.

இரோ கல்யாணமாகிப் போனாள். பேத்ரி நகரத்தில் வேலைக்குப் போனான். தார்யா படுக்கையில் விழுந்த வருஷம், மன்னிப்பு ஞாயிறன்று வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான். மௌரா கட்டில் பக்கத்தில் குனிந்தாள். நெற்றி தரையைத் தொட்டது. எழவில்லை.

"மதினி, அன்னிக்கு அந்தத் துடைப்பம்..."

"ஏன், இப்பதான் இடுப்பு வளைஞ்சுதா உனக்கு?"

மௌரா தலையைத் தூக்கினாள். தார்யா கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ரொட்டியை எடுத்துட்டிருந்தேன். குதிரை மணி கேட்டுச்சு. வந்துச்சு, வாசல்ல நின்னுச்சு. மீத்ரின்னு கூப்பிட்டேன், வெளிய கேக்கல. செவுத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வர்றதுக்குள்ள மணி போயிடுச்சு. கதவைத் தள்ளினேன். துடைப்பம் சரிஞ்சு என் கால் முன்னாடி விழுந்துச்சு. நானும் அந்த ஊர்ல பொறந்தவதானே புள்ள? கதவுக்குக் குறுக்க துடைப்பம் இருந்தா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்னீங்க?"

"காலு ரெண்டு வெரல் போன மொடத்தி. ஒலெக்ஸி வேற பட்டாளத்துல. உன்னைக் காட்டிக் குடுத்துட்டு நான் யார் வீட்டுல கஞ்சி குடிக்கறது? கொழந்தைங்க முகத்தையும் பாக்கணுமே." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சொல்லு. கை செஞ்சுதா, மனசு செஞ்சுதா?"

"தெரியல மதினி. சத்தியமா இன்னும் தெரியல."

தார்யா கூரையிலிருந்து பார்வையை இறக்கி அவளைப் பார்த்தாள். "பொய் சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் சரி" என்றாள். "எனக்கு வெச்சதை நான் எடுத்து ஊன்றிக்கிட்டு நடந்துட்டேன். என் கணக்கு தீர்ந்துபோச்சு. மீத்ரி இன்னும் வெறகு சுமக்கறானே, அவன்கிட்ட கேட்டியா?"

"நீங்களாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"வெறகு வேணும்ல?" தார்யாவின் வாய்க் கோணத்தில் பழைய சிரிப்பு வந்தது. "நானும் லேசுப்பட்டவ இல்ல. எனக்கும் சேர்த்துக் கேளு."

ஈஸ்டர் கழிந்த வாரத்தில் தார்யா இறந்துபோனாள். மீத்ரியிடம் சொல்ல அதுவரை மௌராவுக்கு எத்தனையோ நேரம் இருந்தது. அவர் வேலியோரம் நிற்கும்போதெல்லாம் வாய் வரைக்கும் வரும், விழுங்கிவிடுவாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மேஜையில் கோதுமையும் தேனும் கலந்த நினைவுச் சோறு இருந்தது, ரை ரொட்டி இருந்தது. தெக்லா இருந்தாள். மேற்கத்திக்காரர்களும் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கிழவியாகிவிட்ட ஹில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அந்தத் துடைப்பக் கதையை ஆரம்பித்தாள். புதிதாக வந்த பாதிரியாருக்காக, முதலிலிருந்து. கதை வாசலுக்கு வந்ததும் மேஜைக் கோடியிலிருந்து மீத்ரியின் குரல் கேட்டது.

"ஒரு தட்டுத் தட்டியிருக்கணும். பாவி நான்."

மௌரா எழுந்து நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க சரியாத்தான் பாத்தீங்க. துடைப்பம் குறுக்கதான் சாய்ஞ்சிருந்துச்சு. சாய்ச்சது நான். மதினி உள்ள உங்க வண்டிக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. நடந்து வர்றேன்னு அவங்க சொல்லவே இல்ல. முச்சந்தியில நீங்க கேட்டப்போ நான் பொய் சொன்னேன்."

ஹில்மாவின் கை பாதியில் நின்றது. தெக்லா, வாழ்நாளில் ஒரு தடவையாக, வாயை மூடிக்கொண்டிருந்தாள். மீத்ரி கரண்டியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார். எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார். நிலைப்படியில் திரும்பி மௌராவைப் பார்த்தார். கோபம் மாதிரித் தெரியவில்லை. வயதான மனுஷரின் முகம், அவ்வளவுதான்.

"வண்டியைத் திருப்பறேன்னு நான் சொன்னேனே தங்கச்சி" என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை, போய்விட்டார்.

அந்த வருஷம் முதல் பனி விழுந்தது. சுவரோரம் விறகு வரவில்லை. இரண்டாவது பனியும் விழுந்தது. பேத்ரி நகரத்திலிருந்து வந்தபோது வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, மீத்ரி மாமாவிடம் போய்க் கேட்கட்டுமா என்றான். வேண்டாம் என்றாள் மௌரா. கொட்டகைக்குப் போய்த் துருப்பிடித்த கோடாலியைத் தேடி எடுத்து, கல்லில் தீட்டி, முதல் கட்டையை அவளே நிறுத்தி வைத்தாள்.